தொழிலாளர் சட்ட வழக்கறிஞர் ஆக: சட்டக் கல்லூரியிலிருந்து முதல் கட்சிக்காரர் வரை

மற்ற நீதிமன்றங்களில் வக்காலத்து தாக்கல் செய்துவிட்டால் வழக்கறிஞர் எழுந்து பேசலாம். தொழிலாளர் நீதிமன்றத்தில் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. எதிர்த்தரப்பு சம்மதித்து, நீதிமன்றமும் அனுமதித்தால்தான் வழக்கறிஞர் ஆஜராகலாம் என்றது 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின் 36ஆம் பிரிவு. நீதிமன்றம் போகுமுன் தகராறைப் பேசித் தீர்க்கப் பார்க்கும் அரசு அதிகாரியான சமரச அலுவலர் முன்பு அதுவும் கிடையாது, வழக்கறிஞர் ஆஜராகவே முடியாது. அந்தப் பழைய சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பரில் வந்த புதிய தொகுப்பான 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பும் இந்த ஏற்பாட்டைக் கைவிடவில்லை. நிர்வாகம் பெரிய வழக்கறிஞரைக் கொண்டுவந்து நிறுத்தினால் தொழிலாளி யாரிடம் போவார் என்ற கவலைதான் இதன் பின்னால் இருப்பது. நடைமுறையில் இரு தரப்பும் பெரும்பாலும் ஆட்சேபிப்பதில்லை. ஆனாலும் உங்களுக்கு எதிரே நிற்பவர் சட்டமே படிக்காத ஒரு சங்கச் செயலாளராக இருக்கலாம். அந்த ஆலையின் ஷிப்ட் முறையும் பழைய ஒப்பந்தங்களும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அவரோடு ஒரு வழக்கு நடத்திப் பார்த்தவர்கள் பட்டத்தை வைத்து யாரையும் எடைபோட மாட்டார்கள்.

இந்தத் துறையில் பாதி வழக்கு பணியிடத்தில் எழுதப்பட்ட காகிதங்களிலேயே முடிந்துவிடுகிறது. நீதிமன்றத்துக்கு வருவது மிச்சப் பாதி. அதனால் பயிற்சியும் அந்தக் காகிதங்களில்தான் தொடங்க வேண்டும். கீழே எழுதியிருப்பது தமிழ்நாட்டில் தொழில் தொடங்க நினைப்பவரை மனதில் வைத்து.

எந்த வேலைக்கு வருகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

"வேலை சம்பந்தமான வழக்கு" என்று வெளியில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சொல்வார்கள். உள்ளே இரண்டு தனித் தெருக்கள். அரசு ஊழியரின் பதவி உயர்வு, இடமாற்றம், ஓய்வூதியம் பற்றியவை சர்வீஸ் வழக்குகள். மத்திய அரசு ஊழியர் என்றால் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். மாநில அரசு ஊழியருக்குத் தமிழ்நாட்டில் இப்போது தனித் தீர்ப்பாயம் இல்லை, நேராக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான். ஆலை, போக்குவரத்துக் கழகம், தனியார் நிறுவனம், கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றின் தொழிலாளர் தகராறுகள்தான் லேபர் வழக்குகள். இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

அதிலும் ஒரு கேள்வி எப்போதும் வாசலிலேயே நிற்கும்: வந்திருப்பவர் சட்டத்தின் கண்ணில் தொழிலாளியா? பதவிப் பெயர் இதற்குப் பதில் சொல்லாது, அவர் உண்மையில் செய்த வேலைதான் சொல்லும். 'மேலாளர்' என்று அட்டை அடித்துக் கொடுத்துவிட்டு, நாள் முழுக்கக் கணினியில் தரவு பதிய வைத்தால் அவர் தொழிலாளிதான். மேற்பார்வைப் பணியில் இருப்பவர்களுக்குச் சம்பள வரம்பு உண்டு. பழைய சட்டத்தில் மாதம் 10,000 ரூபாயாக இருந்தது, புதிய தொகுப்பில் 18,000. உண்மையிலேயே நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்குத் தொழிலாளர் நீதிமன்றம் கிடையாது. அவர் உரிமையியல் நீதிமன்றத்தில் ஒப்பந்த மீறலுக்கு நஷ்டஈடு கேட்கலாம், அவ்வளவுதான். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களிலிருந்து வரும் கட்சிக்காரர்களிடம் இந்தக் கேள்வியைத்தான் முதலில் தீர்க்க வேண்டியிருக்கும்.

படிப்பு

பிளஸ் டூவுக்குப் பிறகு ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு, அல்லது ஏதாவது ஒரு பட்டம் முடித்த பிறகு மூன்றாண்டு எல்எல்.பி. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள அரசுக் கல்லூரிகளில் மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கை. திருச்சியில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அஞ்சல்வழியில் வாங்கிய எல்எல்.பி.யை வைத்து வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது. ஆலை வேலையில் இருந்துகொண்டே படிக்கலாம் என்று நினைக்கும் சங்க நண்பர்கள் பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

எந்த முதல் பட்டம் நல்லது என்று கேட்டால், மூன்றாண்டு படிப்புக்கு வருபவர்களில் சமூகப் பணி, தொழிலாளர் மேலாண்மை, வணிகவியல் படித்தவர்களுக்குச் சின்ன முன்னிலை உண்டு என்பேன். சம்பளப் பட்டியலையும் இருப்புநிலைக் குறிப்பையும் பார்த்து அவர்கள் மிரள மாட்டார்கள். போனஸ் வழக்கில் அது பெரிய விஷயம்.

கல்லூரியில் தொழிலாளர் சட்டம் இரண்டு தாள்கள்தான் வரும். போதாது. விடுமுறையில் இன்டர்ன்ஷிப் என்று உயர் நீதிமன்ற அலுவலகங்களுக்கு ஓடுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, ஒரு மாதமாவது தொழிலாளர் நீதிமன்ற வழக்கறிஞர் ஒருவரிடம் இருங்கள். முடிந்தால் ஒரு தொழிற்சங்க அலுவலகத்திலும் உட்காருங்கள். சங்க அலுவலகத்தில் மனு எழுதித் தரும் ஒருவர் இருப்பார். தொழிலாளி கோபத்தில் சொல்வதை நாள், இடம், பெயரோடு ஒரு பக்கத்தில் அடக்கும் அவருடைய கைவண்ணத்தைக் கல்லூரியில் யாரும் கற்றுத்தர மாட்டார்கள்.

பதிவும் தேர்வும்

பட்டம் கையில் வந்ததும் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு. பதிவுக் கட்டணம் என்ற பெயரில் பல மாநிலங்களில் பல்லாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டிருந்ததை 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24ஆம் பிரிவில் உள்ளதற்கு மேல், அதாவது பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேலும், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேலும் வாங்கக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பு. முத்திரைக் கட்டணம் தனி.

பதிவு செய்த இரண்டு ஆண்டுகளுக்குள் அகில இந்திய பார் தேர்வில் தேற வேண்டும். நூறு கேள்விகள், பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், பட்டியல் பிரிவினருக்கு 40 சதவீதம். குறிப்புகள் இல்லாத வெறும் சட்டப் புத்தகத்தைக் கொண்டுபோகலாம். இதற்காகப் பயிற்சி மையத்தில் பணம் கட்டுவது தேவையில்லாத செலவு.

சீனியர், அப்புறம் எந்தப் பக்கம்

பெரும்பாலான துறைகளில் வழக்கறிஞர் இன்று வாதிக்கும் நாளை பிரதிவாதிக்கும் ஆஜராவார். தொழிலாளர் சட்டத்தில் பக்கம் பிரிந்துவிடும். தொழிலாளர் தரப்பு அலுவலகம், நிர்வாகத் தரப்பு அலுவலகம் என்று ஊரறிந்த பிரிவு உண்டு. இரண்டு பக்கமும் ஆஜராகக் கூடாது என்று சட்டம் தடுக்கவில்லை. ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்ன விஷயத்தில் எதிர்த்தரப்புக்கு ஆஜராகக் கூடாது என்பது மட்டும்தான் பார் கவுன்சில் விதி. ஆனால் நேற்று ஒரு நிறுவனத்துக்காகப் பணிநீக்க உத்தரவு எழுதிக் கொடுத்தவரிடம் இன்று இன்னொரு ஆலையின் தொழிலாளி மனம் விட்டுப் பேச மாட்டார். நிர்வாகமும் அப்படித்தான்.

ஆக, எந்தப் பக்கம்? கொள்கை ஒருபுறம் இருக்கட்டும், தொழில் கண்ணோட்டத்தில் இரண்டும் வேறுவேறு பழக்கங்களைத் தரும். நிர்வாகத் தரப்பில் இருந்தால் எழுத்து வேலை அதிகம்: குற்றச்சாட்டுக் குறிப்பாணை (சார்ஜ் மெமோ), நிலையாணைகள் (நிறுவனத்தின் பணி விதிகள்), ஒப்பந்த வரைவு, எச்.ஆர். துறைக்கு அன்றாட ஆலோசனை. மாதக் கட்டணம் ஒழுங்காக வரும். தொழிலாளர் தரப்பில் இருந்தால் குறுக்கு விசாரணையும் உயர் நீதிமன்ற வாதமும் சீக்கிரம் கையில் வரும், ஏனென்றால் அந்த அலுவலகங்களில் வழக்குகள் அதிகம், ஆட்கள் குறைவு. பணம் தாமதமாக வரும், சில நேரம் வராது. வழக்கு ஜெயித்தால் கிடைக்கும் தொகையில் பங்கு என்று பேசிக்கொள்வதற்கு இந்தியாவில் அனுமதி இல்லை. முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதை பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. வேலை இழந்தவரிடம் முன்பணமும் கேட்க முடியாது, முடிவில் பங்கும் கேட்க முடியாது என்றால் அலுவலகம் எப்படி ஓடும்? சங்கங்கள் மொத்தமாகக் கொடுக்கும் வழக்குகளாலும், உயர் நீதிமன்றப் பணியாலும்தான். இதைத் தெரிந்துகொண்டே தொழிலாளர் பக்கம் வாருங்கள். அந்தப் பக்கத்திலிருந்து நீதிபதி நாற்காலி வரை போனவர்களும் இருக்கிறார்கள். தொழிலாளர் வழக்குகள் நடத்திய கே. சந்துரு 2006இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார், 2013இல் ஓய்வு பெற்றார். தலச்சேரியில் தொழிலாளர்களுக்கும் விவசாயிகளுக்கும் ஆஜரான வி.ஆர். கிருஷ்ணய்யர் உச்ச நீதிமன்றம் போனார். 'தொழில்' என்ற சொல்லுக்குள் மருத்துவமனையும் கல்வி நிறுவனமும் வரும் என்று 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் எழுதியவர் அவர்தான்.

என் யோசனை: முதல் மூன்று ஆண்டுகள் ஒரே அலுவலகத்தில் இருங்கள். அது எந்தப் பக்கமானாலும் சரி. எதிர்ப்பக்கத்தின் கோப்பு எப்படித் தயாராகிறது என்று தெரிந்துகொள்ள வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள்.

ஜூனியருக்குச் சம்பளம் என்ற பேச்சு இப்போதுதான் வாயைத் திறந்து பேசப்படுகிறது. சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகத் தர வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகர்ப்புறத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று பரிந்துரைத்தது. பரிந்துரை என்ற சொல்லைக் கவனியுங்கள். சேரும்போதே தொகையைக் கேட்டுவிடுவதில் தப்பில்லை. தொழிலாளரின் சம்பள உரிமையைப் பேசும் அலுவலகத்தில் ஜூனியர் தன் சம்பளத்தைக் கேட்கக் கூச்சப்பட வேண்டுமா என்ன?

உள்விசாரணைக் கோப்பைப் படிக்கப் பழகுதல்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு தொழிலாளியை ஒழுங்கீனத்துக்காக நீக்கும் முன் நிர்வாகம் உள்விசாரணை நடத்த வேண்டும். சார்ஜ் மெமோ, விளக்கம், விசாரணை அதிகாரி நியமனம், சாட்சிகள், அறிக்கை, இரண்டாவது விளக்கம் கேட்கும் நோட்டீஸ், கடைசியில் தண்டனை உத்தரவு. வேலைக்கு வராததால் தானாகவே வேலை போய்விட்டது என்று நிலையாணையைக் காட்டி அனுப்பிவிடவும் முடியாது. 1993இல் டி.கே. யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கும் விசாரணை வேண்டும் என்றது.

கோப்பு கையில் வந்ததும் முதலில் தண்டனை உத்தரவைப் படிக்காதீர்கள். சார்ஜ் மெமோவை எடுங்கள். நாள், நேரம், இடம் இருக்கிறதா? "ஒழுங்கீனமாக நடந்தீர்" என்று மட்டும் இருக்கிறதா, எந்த நிலையாணையின் எந்த உட்பிரிவு என்று இருக்கிறதா? கையெழுத்துப் போட்டவருக்கு அதிகாரம் உண்டா? அடுத்து விசாரணை நோட்டீஸ். தொழிலாளிக்கு அது எப்போது கிடைத்தது, விசாரணை என்றைக்கு? தபால் உறையில் உள்ள முத்திரைத் தேதியைப் பாருங்கள், கடிதத்தில் அச்சடித்த தேதியை நம்பாதீர்கள். பிறகு நடவடிக்கைக் குறிப்பு. உதவிக்குச் சக தொழிலாளியை வைத்துக்கொள்ள அனுமதித்தார்களா? கேட்ட ஆவணங்களைக் கொடுத்தார்களா? சாட்சி தமிழில் சொன்னதை விசாரணை அதிகாரி ஆங்கிலத்தில் எழுதித் தொழிலாளியிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறாரா? புகார் கொடுத்த அதிகாரியே சாட்சியாகவும், கேள்வி கேட்பவராகவும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கிறாரா? இடைநீக்கக் காலத்தில் பிழைப்பூதியம் கொடுத்தார்களா? தமிழ்நாட்டில் இதற்கென்றே 1981ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. முதல் 90 நாட்களுக்குப் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாட்களுக்கு முக்கால், அதற்கும் மேல் போனால் முழுச் சம்பளம்.

நீதிமன்றத்தில் இது ஏன் முக்கியம்? வழக்கு தொடங்கியதும், விசாரணை நியாயமாக நடந்ததா என்பதைப் பல நேரம் முதல்நிலைப் பிரச்சினையாக எடுத்து முடிவு செய்வார்கள். நியாயமாக நடக்கவில்லை என்றால் வழக்கு அங்கேயே தொழிலாளி பக்கம் முடிந்துவிடாது. நிர்வாகம் நீதிமன்றத்திலேயே புதிதாகச் சாட்சியம் கொடுத்துக் குற்றத்தை நிரூபிக்கலாம். ஆனால் அந்த வாய்ப்பை எதிருரையிலேயே, அதாவது தொழிலாளியின் கோரிக்கை மனுவுக்குத் தரும் எழுத்துப் பதிலிலேயே, கேட்டிருக்க வேண்டும் என்று லட்சுமிதேவம்மா வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு பெரும்பான்மையாகச் சொன்னது. நிர்வாகத் தரப்பு ஜூனியர் எதிருரை எழுதும்போது அந்த ஒற்றை வாக்கியத்தை விட்டுவிட்டால், பிறகு சீனியர் எவ்வளவு பேசினாலும் நிலைமை சிக்கல்தான். தொழிலாளர் தரப்பு ஜூனியரோ எதிருரை வந்ததும் முதலில் அந்த வாக்கியம் இருக்கிறதா என்றுதான் தேட வேண்டும்.

விசாரணை சரியாகவே நடந்திருந்தாலும் தண்டனை அதிகமா என்ற கேள்வி மிச்சமிருக்கும். 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1971இல் சேர்க்கப்பட்ட 11ஏ பிரிவு பணிநீக்கத்தை ரத்து செய்து சிறிய தண்டனையாக மாற்றும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்குக் கொடுத்தது. இருபது ஆண்டுகள் புகார் இல்லாமல் பேருந்து ஓட்டியவரை ஒரு விபத்துக்காக நீக்கினால் வாதம் இந்தப் பிரிவில்தான் நிற்கும். அவருடைய பழைய பணிப்பதிவேட்டைத் தேடி எடுங்கள். மோசடி, பணக் கையாடல் வழக்குகளில் இந்தப் பிரிவை நம்பி அதிகம் உழைக்க வேண்டாம். தொகை சின்னதாக இருந்தாலும் நீதிமன்றங்கள் இளகுவதில்லை.

பழகுவதற்கு ஒரு வழி: சீனியரின் அலமாரியில் முடிந்துபோன கேஸ் கட்டுகள் இருக்கும். தீர்ப்பை மட்டும் எடுத்துத் தனியே வைத்துவிட்டு மற்றதைப் படியுங்கள். யார் ஜெயித்திருப்பார் என்று எழுதுங்கள். பிறகு தீர்ப்பைப் பாருங்கள். வாரம் ஒன்று செய்தால் போதும்.

சமரச அலுவலகம்

நீக்கப்பட்ட தொழிலாளியின் முதல் மனு சமரச அலுவலரிடம் போகும். லேபர் வட்டாரத்தில் இதை 'டூ ஏ மனு' என்பார்கள், பழைய சட்டத்தின் 2ஏ பிரிவை வைத்து. உங்களால் அங்கே ஆஜராக முடியாவிட்டாலும் மனுவை எழுதுவது நீங்கள்தான். அவசரமாக எழுதப்படும் இந்த மனுதான் பிறகு குறுக்கு விசாரணையில் தொழிலாளியின் கழுத்தைப் பிடிக்கும். மனுவில் ஒரு தேதி, நீதிமன்றத்தில் வேறு தேதி என்றால் நிர்வாக வழக்கறிஞருக்கு அன்றைக்கு வேலை சுலபம்.

பழைய சட்டப்படி சமரசத்துக்கு மனுச் செய்து 45 நாட்கள் கழிந்தால் தொழிலாளி நேரே தொழிலாளர் நீதிமன்றம் போகலாம். பணிநீக்கத்திலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் போயாக வேண்டும். புதிய தொகுப்பில் கெடு சுருங்கிவிட்டது. தகராறு எழுந்து இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டால் சமரச அலுவலர் அதை எடுக்கவே முடியாது.

ஜூனியராக இருக்கும்போது சமரச அலுவலகத்தின் வராந்தாவில் உட்கார்ந்து கவனியுங்கள். சென்னையில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகம், மற்ற ஊர்களில் அந்தந்தத் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகம். சம்பள உயர்வுப் பேச்சுவார்த்தை முடிந்து அலுவலர் முன்னிலையில் போடுவது 12(3) ஒப்பந்தம். இரு தரப்பும் தங்களுக்குள் போட்டுக்கொள்வது 18(1) ஒப்பந்தம். முதலாவது அந்த ஆலையின் எல்லாத் தொழிலாளரையும் கட்டுப்படுத்தும், இரண்டாவது கையெழுத்துப் போட்டவர்களை மட்டும். புதிய தொகுப்பில் பிரிவு எண்கள் மாறினாலும் வராந்தாவில் இந்தப் பெயர்கள் மாற நாளாகும்.

நீதிமன்றத்துக்குள்

கோரிக்கை மனு, எதிருரை, நிரூபண வாக்குமூலம், குறுக்கு விசாரணை, வாதம். அமைப்பு உரிமையியல் வழக்கு மாதிரிதான் தெரியும். ஆனால் சாட்சியச் சட்டத்தின் நுணுக்கங்கள் இங்கே அப்படியே பொருந்தாது, நடைமுறை கொஞ்சம் தளர்வு. தொழிலாளி தரப்பு ஆவணங்களை டபிள்யூ வரிசையிலும் நிர்வாக ஆவணங்களை எம் வரிசையிலும் குறியிடுவார்கள்.

புதியவர்கள் தடுமாறும் இடங்கள் இரண்டு. ஒன்று, 240 நாள் கணக்கு. பன்னிரண்டு மாதங்களில் 240 நாட்கள் வேலை பார்த்தவரை ஆட்குறைப்பு செய்ய ஒரு மாத நோட்டீஸும், ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் இழப்பீடும் வேண்டும். 240 நாட்கள் பார்த்தேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழிலாளியுடையது. வெறும் வாக்குமூலம் போதாது. வருகைப் பதிவேட்டை நிர்வாகம் தாக்கல் செய்யக் கோரி மனு போடுங்கள், வங்கிக் கணக்கையும் பி.எஃப். பதிவையும் எடுங்கள். தமிழ்நாட்டுக்கென்று 1981ஆம் ஆண்டின் நிரந்தரத் தகுதிச் சட்டம் தனியாக இருக்கிறது. 24 மாதங்களில் 480 நாட்கள் பணி என்பது அதன் கணக்கு. வெளிமாநிலப் பாடநூல்களில் இது இருக்காது.

இன்னொன்று பின்சம்பளம், அதாவது நீக்கப்பட்டு வெளியே இருந்த காலத்துக்கான சம்பளம். நீக்கம் தவறு என்று தீர்ந்தாலும், இடைக்காலத்தில் வேறு வேலை பார்த்தாரா என்ற கேள்வி வரும். தீபாலி குண்டு சுர்வாசே வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படி, தனக்கு வேறு வருமானம் இல்லை என்று தொழிலாளி முதலில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மறுத்து நிரூபிக்கும் சுமை நிர்வாகத்துக்குப் போகும். கோரிக்கை மனுவிலேயே அந்த வரியை எழுதிவிடுங்கள். நிர்வாகம் உயர் நீதிமன்றம் போய்த் தடை வாங்கினால், பழைய சட்டத்தின் 17பி பிரிவின்படி கடைசியாக வாங்கிய சம்பளத்தை வழக்கு முடியும்வரை கேட்கலாம். அதற்கும் வேறு வேலையில் இல்லை என்ற பிரமாணப் பத்திரம் வேண்டும். கட்சிக்காரர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தால் அதை உங்களிடம் மறைப்பார். பயமுறுத்தாமல் கேட்டு வாங்குங்கள்.

பழையதும் புதியதும்

2025 நவம்பர் 21 முதல் நான்கு சட்டத்தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன: ஊதியம், தொழில் உறவுகள், சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு. 29 மத்தியச் சட்டங்கள் இவற்றுக்குள் அடங்கின. இனிப் பழைய சட்டத்தைப் படிக்க வேண்டுமா என்று மாணவர்கள் கேட்பது நியாயம். வேண்டும். அதற்கு முன் எழுந்த தகராறுகள் பல ஆண்டுகள் நீதிமன்றங்களில் இருக்கும். அதோடு, புதிய தொகுப்பின் சொற்களுக்குப் பொருள் சொல்லப் போகிறவை பழைய தீர்ப்புகள்தான். மாநிலத்தின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் போன்றவை இந்த 29க்குள் சேராதவை, அவை தனியே நிற்கின்றன.

ஒரு நோட்டை எடுத்து இடப்பக்கம் பழைய பிரிவு, வலப்பக்கம் புதிய பிரிவு என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசு அனுமதி தேவைப்படும் வரம்பு 100 தொழிலாளரிலிருந்து 300 ஆனது, குறிப்பிட்ட காலப் பணியாளருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை (கிராஜுவிட்டி), ஊதியத்தில் சேராத படிகள் பாதிக்கு மேல் போனால் மிகுதி ஊதியமாகவே கணக்கில் வருவது, வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாட்களில் பாக்கி தீர்ப்பது. ஆலோசனை கேட்டு வருபவர்கள் முதலில் கேட்கப் போவது இவற்றைத்தான். இருவர் கொண்ட தீர்ப்பாயம், அதில் ஒருவர் நிர்வாக உறுப்பினர் என்ற ஏற்பாடும் புதிது. அது எப்படி நடக்கப் போகிறது என்பதில் எனக்குப் பெரிய உற்சாகம் இல்லை.

இந்தச் சட்டங்கள் எங்கிருந்து தொடங்கின என்பதும் நம் ஊர்க் கதை. 1918இல் சென்னையில் பி.பி. வாடியா தலைமையில், திரு.வி.க. துணையோடு சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பக்கிங்காம் கர்நாடிக் ஆலைகளை நடத்திய பின்னி நிறுவனம் வாடியா மீது வழக்குப் போட, சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குத் தடை விதித்தது. சங்கத் தலைவர் மீது இப்படி வழக்குப் போடலாமா என்று எழுந்த கொந்தளிப்பிலிருந்து 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. சங்க நிர்வாகிகளுக்கு அந்தச் சட்டம் தந்த பாதுகாப்பைப் பற்றி வாதிட நேரும்போது இந்த வரலாறு கைகொடுக்கும்.

நீதிமன்றத்துக்கு வெளியே உள்ள வேலை

பி.எஃப். பாக்கி நிர்ணயம், இ.எஸ்.ஐ. நீதிமன்றம், விபத்து இழப்பீடு, பணிக்கொடை மனு. இவை சிறிய வழக்குகளாகத் தெரியும், ஆனால் தனியாக அலுவலகம் போடும் முதல் ஆண்டுகளில் வாடகை கட்டுபவை இவைதான். பணிக்கொடைக் கணக்கு எளிது: கடைசி மாத ஊதியத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாண்டுகளால் பெருக்குங்கள்.

2013ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் இன்னொரு கதவு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு வேண்டும், அதில் வெளி உறுப்பினர் ஒருவரும் வேண்டும். வழக்கறிஞர்கள் அந்தப் பொறுப்பில் உட்காருகிறார்கள். அதே குழு முன்பு எந்தத் தரப்புக்கும் வழக்கறிஞராக ஆஜராக முடியாது. வெளி உறுப்பினராகப் போனால் நிறுவனத்தின் வழக்கறிஞராகவும் இருந்துவிடாதீர்கள், கேட்பவர்கள் கேட்கத்தான் செய்வார்கள்.

நிறுவனங்களில் முழுநேரச் சட்ட அதிகாரியாகச் சேர்வதும் ஒரு வழி. சேர்ந்தால் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து, வேலையில் இருக்கும்வரை வழக்கறிஞர் தொழிலை நிறுத்தி வைக்க வேண்டும். நீதித்துறைத் தேர்வு எழுத நினைப்பவர்கள் இதைச் சேர்த்து யோசிக்க வேண்டும், ஏனென்றால் சிவில் நீதிபதி பதவிக்கு மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவத்தை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மீண்டும் கட்டாயமாக்கியது.

முதல் கட்சிக்காரர் வரும்போது

விளம்பரம் செய்ய விதி இடம் தராது. முதல் ஆள் யாரோ தெரிந்தவர் சொல்லித்தான் வருவார், பெரும்பாலும் கோபத்தோடு. அரை மணி நேரம் பேச விடுங்கள், குறிப்பு எடுக்காதீர்கள். பிறகு காகிதங்களைக் கேளுங்கள்: நியமன உத்தரவு, சம்பளச் சீட்டுகள், அடையாள அட்டை, பி.எஃப். எண், வந்த மெமோக்கள், அவை வந்த தபால் உறைகள், நிறுவனத்தோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல். தொலைபேசியை மாற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். எதிலாவது கையெழுத்துப் போட்டாரா, வெள்ளைத் தாளில் போட்டாரா, ராஜினாமா என்று மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார்களா என்பதைத் தனியே கேளுங்கள். கட்டாய ராஜினாமா என்றால் அன்றே ஒரு மறுப்புக் கடிதம் பதிவுத் தபாலில் போக வேண்டும். ஒரு மாதம் கழித்து அனுப்பினால் நம்புவதற்கு ஆள் இருக்காது.

அவர் வேலை போன தேதியைக் கோப்பின் மேலட்டையில் எழுதுங்கள். அதற்குக் கீழே சமரச மனுவுக்கான கடைசித் தேதி. அதற்கும் கீழே உங்கள் கட்டணம் எவ்வளவு, எப்போது, எத்தனை தவணை என்பதை அவர் முன்னாலேயே எழுதி, ஒரு நகலை அவரிடம் கொடுத்து அனுப்புங்கள்.